கோரமண்டல் கரையில் பெயர் பெற்ற வௌவால்கள்

நெட்டிலிங்க மரத்தின் இலைக்கொத்தைக் கடித்துக் கூடாரம்போல் ஆக்கிக்கொண்டு அதற்குள் தொங்கும் கட்டைமூக்குப் பழந்தின்னி வௌவாலைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. அந்தி சாய்ந்ததும் கொய்யா மரத்தைச் சுற்றுவது அதுதான். பறித்த பழத்தை இன்னொரு மரத்துக்குத் தூக்கிப்போய்த் தின்றுவிட்டு, விடியும்போது நம் வாசலில் சக்கையைப் போட்டு வைப்பதும் அதுதான். இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவிக் கிடக்கும் இந்த வௌவாலுக்கு 1797-ல் ‘ஸ்பிங்ஸ்’ என்று விலங்கியல் பெயர் வைத்தவர் கோபன்ஹேகனில் இருந்த மார்ட்டின் வால். அவர் லின்னேயஸின் மாணவர், தாவரவியலில் பேர்பெற்றவர். அவர் வருணித்த வௌவாலின் ஊர் தரங்கம்பாடி.

தரங்கம்பாடி அன்று டென்மார்க்கின் துறைமுகம். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-ல் இடம் பெற்றுக் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அங்கே இருந்தார்கள். மிளகும் துணியும் ஏறிய கப்பல்களில் சாராயத்தில் ஊறிய மீன்களும் ஏறின. அங்கிருந்த மறைப்பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் பிளாக்குக்குக் கடலுயிர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். இந்தக் கரையின் செப்பிலி மீன் வகைகளில் ஒன்று இன்றும் ஜானின் பெயரைத் தாங்கியிருக்கிறது. வௌவால்களும் இப்படித்தான் ஐரோப்பா போயின. கோயில் மண்டபங்களிலும் பாறைக் குடைவுகளிலும் கூட்டம் கூட்டமாகத் தொங்கும் இலைமூக்கு வௌவால்களில் ஒன்றான ‘ஸ்பியோரிஸ்’, 1800-ல் பெயர் பெற்றபோது அதற்கும் ஊராகப் பதிவானது தரங்கம்பாடியே.

அதோடு நிற்கவில்லை. தவளையையும் எலியையும் சத்தம் கேட்டே பிடிக்கும் பொய் இரத்தக்காட்டேரி வௌவாலுக்கு 1810-ல் பாரிஸில் ழெஃப்ரா பெயர் வைத்தார். அதன் ஊர் சென்னை. மஞ்சள் வயிறு கொண்ட ‘ஹீத்தி’ வௌவாலுக்கு 1831-ல் ஹார்ஸ்ஃபீல்ட் பெயரிட்டார்; அதற்கும் சென்னை. ஆலமரங்களில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னிக்கு ‘மீடியஸ்’ என்று 1825-லும், செம்பழுப்புக் குதிரைலாட வௌவாலுக்கு ‘ரூக்ஸியை’ என்று 1835-லும் பெயரிட்ட டெம்மிங்க், ஹாலந்தின் லைடன் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். இரண்டுக்கும் அவர் குறித்த இடங்கள் கல்கத்தாவும் புதுச்சேரியும். 1838-ல் லண்டனில் கிரே ஒரு குட்டி வௌவாலுக்குக் ‘கோரமாண்ட்ரா’ என்று கரையின் பெயரையே சூட்டினார். அதுவும் புதுச்சேரியிலிருந்து வந்ததுதான்.

ஒரு டேனிஷ் துறைமுகம், ஒரு பிரெஞ்சுத் துறைமுகம், ஓர் ஆங்கிலேயத் துறைமுகம். ஏறத்தாழ 40 ஆண்டுகளில் ஆசிய வௌவால்களின் பெயர்ப் பட்டியலில் கணிசமான பங்கு இந்தச் சிறு கடற்கரைத் துண்டிலிருந்து போயிருக்கிறது. வௌவாலின் டி.என்.ஏ.வைப் படித்து இனம் காணும் இன்றைய ஆய்வாளர்களுக்கு இந்தப் பழைய கப்பல் பயணங்கள் தீராத வேலை வைத்திருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள விலங்கியலின் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் உயிரினத்துக்குப் பெயர் வைக்கும்போது அந்தப் பெயர் ஒரு குறிப்பிட்ட உடலோடு கட்டப்படுகிறது. அதைச் சான்று மாதிரி என்பார்கள். பின்னாளில் ஓர் இனம் என்று நினைத்தது இரண்டாகப் பிரிந்தால், பழைய பெயர் யாருக்கு என்பதை அந்தச் சான்று உடல்தான் தீர்மானிக்கும். உடல் கெட்டுப்போயிருந்தாலோ, தொலைந்துபோயிருந்தாலோ, அது பிடிபட்ட ஊரிலிருந்து புதிய மாதிரி எடுத்துத்தான் வழக்கைத் தீர்க்க முடியும். அந்த ஊர்ப் பெயர் லேபிளில் சரியாக இருக்க வேண்டும் என்பது இதில் அடங்கிய நிபந்தனை.

லின்னேயஸ் 1758-ல் வௌவால்களைப் பட்டியலிட்டபோது அவருக்குத் தெரிந்தவை ஏழே இனங்கள். அவற்றைக் குரங்குகளோடும் மனிதனோடும் ஒரே வரிசையில் வைத்தார். இன்று கணக்கில் இருப்பவை 1,400-க்கும் மேல். இரவில் பறக்கும், கையில் எடுத்தால் கடிக்கும், தோலை உரித்துக் காயவைத்தால் நிறம் மாறும், சாராயத்தில் போட்டால் வெளுத்துப்போகும் ஒரு விலங்கை எதை வைத்து இனம் பிரிப்பது? பல், மண்டையோடு, முன்கையின் நீளம். இந்த மூன்றையும் நம்பித்தான் 19-ஆம் நூற்றாண்டு முழுக்க வேலை நடந்தது. இராணுவ மருத்துவரான ஜார்ஜ் எட்வர்ட் டாப்சன் கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்காக 1876-ல் எழுதிய ஆசிய வௌவால்கள் பற்றிய நூல் அந்த முறையின் உச்சம். பின்னாளில் ஆண்குறி எலும்பின் வடிவமும் சேர்ந்துகொண்டது. சின்ன வௌவால்களில் வெளியே ஒன்றுபோலத் தெரியும் இரண்டு அந்த எலும்பில் வேறுபடுவதுண்டு.

இந்த முறை எங்கே தடுமாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது.

தேனி மாவட்டத்து மேகமலையை ஆங்கிலேயர் ‘ஹை வேவிஸ்’ என்றார்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஆங்கஸ் ஹட்டன் இயற்கை ஆர்வலர். 1948-ல் அவர் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போயிற்று. அதைக் கட்டைமூக்குப் பழந்தின்னி, அதாவது தரங்கம்பாடியின் ‘ஸ்பிங்ஸ்’ என்றே கணக்கில் சேர்த்தார்கள். குற்றம் சொல்ல முடியாது. உருவம் ஏறக்குறைய அதே, முன்கை நீளமும் கிட்டத்தட்ட அதே. தமிழ்நாட்டில் எங்கும் கிடைக்கும் வௌவாலாக இருக்கும்போது அதை மறுபடி எடுத்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? இருபது ஆண்டுகளுக்கு மேல் அது பெட்டிக்குள் கிடந்தது.

எடுத்துப் பார்த்தவர் தாய்லாந்தின் கிட்டி தோங்லோங்யா. வெளியே தெரியும் வால் இல்லை. ஸ்பிங்ஸுக்குக் குட்டையாக ஒரு வால் உண்டு. பற்களும் வேறு. புதிய இனம் மட்டுமில்லை, புதிய பேரினமே என்று 1972-ல் அறிவித்து, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். உலகில் அந்தப் பேரினத்தில் இருக்கும் ஒரே வௌவால் அது. அடுத்த ஆண்டே தாய்லாந்தின் காஞ்சனபுரிக் குகைகளில் இரண்டு கிராம் எடை மட்டுமே உள்ள, உலகின் மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்றான வௌவாலையும் கிட்டி கண்டெடுத்தார். அதற்குப் பெயர் வைக்கும் முன்பே, 1974-ல் இறந்துபோனார். லண்டனில் இருந்த ஜான் எட்வர்ட்ஸ் ஹில் அதற்குக் கிட்டியின் பெயரையே வைத்தார்.

சாலிம் அலி வௌவாலை மேகமலையில் மறுபடி உயிரோடு பார்க்க 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு களக்காடு முண்டந்துறைக் காடுகளிலும் அது தென்பட்டது. லேபிளில் எழுதிய ஒரு பெயர் ஒரு விலங்கை இத்தனை காலம் மறைத்து வைத்திருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைப் பயிருக்குக் கேடு செய்யும் உயிர்கள் என்று காகத்தோடும் எலியோடும் ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம். சாலிம் அலி வௌவாலோ பின்னர் புலி, யானையோடு முதல் அட்டவணையில் இடம் பெற்றது. ஸ்பிங்ஸ் என்ற பெயரிலேயே தொடர்ந்திருந்தால் அதற்கு எந்தக் காவலும் கிடைத்திருக்காது. சட்டம் அப்படிச் சொன்ன காலத்திலும் ஊர் ஆலமரத்து வௌவால்கள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமங்கள் தமிழ்நாட்டில் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களின் நியாயத்தைச் சட்டம் எட்டிப்பிடித்தது 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

மேகமலை வௌவாலிலாவது கூர்ந்து பார்த்தவருக்கு வாலும் பல்லும் வேறுபாட்டைக் காட்டின. எதுவுமே காட்டாத வௌவால்களும் உண்டு. அவற்றை முதலில் காட்டிக்கொடுத்தது குரல்.

பிரிட்டனில் வீட்டுக் கூரைகளில் வாழும் பிப்பிஸ்ட்ரெல் என்ற சின்ன வௌவால் அங்கே மிகச் சாதாரணம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் கேரத் ஜோன்ஸும் உடன் ஆய்வாளரும் 1993-ல் அதன் மீயொலியைப் பதிவு செய்து பார்த்தபோது, ஒரு கூட்டம் 45 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் இன்னொரு கூட்டம் 55-ஐ ஒட்டியும் ஒலி எழுப்புவது தெரிந்தது. 1997-ல் டி.என்.ஏ. ஒப்பீடு வந்தது. மைட்டோகாண்டிரியாவின் ஒரு மரபணுவில் இரண்டுக்கும் 11 விழுக்காட்டுக்கும் மேல் வேறுபாடு. இத்தனை பேர் இத்தனை காலம் பார்த்துவந்த ஒரு வௌவால் இரண்டாக இருந்திருக்கிறது. உடனே எழுந்தது பழைய கேள்வி: 1774-ல் ஷ்ரேபர் வைத்த பெயர் இவற்றில் எதற்கு? விலங்கியல் பெயரிடல் ஆணையம் 2003-ல் தீர்ப்புச் சொன்னது. பழைய பெயர் 45-க்கு; 1825-ல் லீச் வைத்திருந்த ‘பிக்மேயஸ்’ என்ற பெயர் 55-க்கு. டி.என்.ஏ. இரண்டு என்று சொல்லிவிட்டது. யார் யார் என்று சொல்ல ஆணையம் கூட வேண்டியிருந்தது.

அதே 2003-ல்தான் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹீபர்ட் டி.என்.ஏ. பார்கோடு என்ற யோசனையை வெளியிட்டார். எல்லா விலங்குகளின் செல்லிலும் மைட்டோகாண்டிரியா இருக்கிறது. அதிலுள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள ஒரே துண்டை எல்லா விலங்கிலும் படித்தால் போதும், கடைச் சாமானின் கோடுகளைப்போல ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரிசை கிடைத்துவிடும் என்றார். அந்தத் துண்டைத் தேர்ந்ததில் நுட்பம் உண்டு. அது ஓர் இனத்துக்குள் அதிகம் மாறாது, இனத்துக்கு இனம் போதுமான அளவு மாறும். ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கணக்கில் நகல்கள் இருப்பதால் ஒரு துளி திசுவிலும் கிடைக்கும்.

இந்த முறையை வௌவால்களிடம் பெரிய அளவில் சோதித்தது தென் அமெரிக்காவின் கயானாவில். எலிசபெத் கிளேரும் ஹீபர்ட் உள்ளிட்ட குழுவினரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 87 இனங்களைச் சேர்ந்த 840 உடல்கள். ஓர் இனத்துக்குள் வேறுபாடு சராசரியாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நெருங்கிய இனங்களுக்கு இடையே அதைப்போலப் பல மடங்கு. கூடவே, ஒரே பெயரில் இருந்த சில வௌவால்களுக்குள் இரண்டு தனித்தனிக் கிளைகள் தெரிந்தன. பல்லும் மண்டையும் சொல்லாததை அந்த 650 எழுத்துகள் சொல்லின. அந்த உடல்கள் அனைத்தும் அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு வைக்கப்பட்டவை என்பதுதான் அந்த ஆய்வின் பலம். சந்தேகம் வந்தால் யாரும் போய் எடுத்துப் பார்க்கலாம்.

வேலை முறை எளியது. பறக்கும் பாதையில் மெல்லிய வலை கட்டுகிறார்கள். சிக்கிய வௌவாலை அளந்து, ஒலியைப் பதிந்து, சிறகுச் சவ்வில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி எடுத்து எத்தனாலில் போடுகிறார்கள். வௌவாலைப் பறக்க விடுகிறார்கள். அந்த ஓட்டை சில வாரங்களில் மூடிக்கொள்ளும். எச்சத்திலிருந்தும் எடுக்கலாம். பிரிட்டனில் பழைய கட்டடத்தை இடிக்கும் முன் அதில் வௌவால் உண்டா என்று பார்க்க வேண்டியிருக்கும். அங்கே பரணில் கிடக்கும் எச்சத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி இனம் காண்பது இன்று வழக்கமான தொழிலாகிவிட்டது. அமெரிக்காவில் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம் எச்சத்துக்கென்றே, சிதைந்த டி.என்.ஏ.விலும் படிக்கத்தக்க குட்டையான ஒரு துண்டை 2016-ல் வகுத்தது. பழைய அருங்காட்சியகத் தோல்களிலும் இப்படிக் குட்டைத் துண்டுதான் கிடைக்கும். ஃபார்மலினில் ஊறியவற்றில் அதுவும் அரிது.

குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மைட்டோகாண்டிரியா தாய்வழியில் மட்டுமே வருகிறது. எப்போதோ இரண்டு இனங்கள் கலந்திருந்தால், ஓர் இனத்தின் உடலுக்குள் மற்றோர் இனத்தின் தாய்வழி டி.என்.ஏ. குடியேறியிருக்கும். ஐரோப்பாவின் பெரிய எலிக்காது வௌவாலுக்கும் சிறிய எலிக்காது வௌவாலுக்கும் இது நடந்திருக்கிறது. அங்கே பார்கோடு மட்டும் வைத்து இனம் சொன்னால் தவறும். உட்கருவின் டி.என்.ஏ., குரல், மண்டையோடு எல்லாம் சேர்ந்து பேச வேண்டும்.

இனி புதுச்சேரியின் ரூக்ஸியை. இந்தக் கதையில் மிகவும் சிக்கலானது அதுதான். குதிரைலாட வௌவால்களை ஆராய்ந்த டேனிஷ்காரர் க்னுட் ஆண்டர்சன் 1905-ல் சீன வௌவால் ஒன்றை ரூக்ஸியையின் துணையினம் என்று வகைப்படுத்தி ‘சினிகஸ்’ என்றார். (அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். 1918-ல் காணாமற்போனார், என்ன ஆனார் என்றே தெரியவில்லை.) 90 ஆண்டுகளுக்கு மேல் சீனத்து வௌவால் புதுச்சேரிப் பெயரில்தான் பதிவாகிக்கொண்டிருந்தது. குரோமோசோமை எண்ணியபோதுதான் ரூக்ஸியைக்கு 56, சினிகஸுக்கு 36 என்று தெரிந்து, இரண்டும் பிரிந்தன. 2005-ல் ஹாங்காங் ஆய்வாளர்கள் சார்ஸ் நோய்க்கிருமியின் உறவுக் கிருமியைக் கண்டது இந்தச் சினிகஸ் வௌவாலில். பெயர் பிரியாமல் இருந்திருந்தால் அந்தப் பழி ஏட்டில் தென்னிந்திய வௌவால் மீதும் ஏறியிருக்கும்.

நோய் பற்றிய அச்சம் வரும்போது எந்த வௌவால் என்று கேட்பது எவ்வளவு அவசியம் என்பதைக் கேரளம் 2018-ல் பார்த்தது. கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிராவில் நிபா வந்தபோது, நோயுற்ற குடும்பத்தின் கிணற்றில் இருந்த வௌவால்களைத்தான் முதலில் சோதித்தார்கள். அவை பூச்சித்தின்னிகள், கிருமி இல்லை. பிறகு அந்தப் பகுதியின் பெரிய பழந்தின்னிகளில்தான் கிருமியின் தடயம் கிடைத்தது.

ரூக்ஸியையின் சிக்கல் சீனாவோடு தீரவில்லை. தென்னிந்தியாவிலேயே ஒரு கூட்டம் 80 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் மற்றது 90-ஐ ஒட்டியும் ஒலிப்பதைக் கண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் பெங்களூரு ஆய்வாளர்களும் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, இரண்டு உடன்பிறப்பு இனங்கள் என்று 2012-ல் எழுதினார்கள். ஒன்றுக்கு ‘இந்தோரூக்ஸியை’ என்ற புதுப்பெயர் வந்தது. மதுரைக்கு இதில் பழைய உரிமை உண்டு. எம். கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் குகை வௌவால்களின் நாட்கடிகாரத்தை ஆராய்ந்ததும், ஜெர்மனியின் கெர்ஹார்ட் நாய்வைலர் வந்து சேர்ந்து வேலை செய்ததும் அங்கேதான்.

இரண்டில் எது டெம்மிங்கின் பழைய ரூக்ஸியை? லேபிள் ‘புதுச்சேரி, கல்கத்தா’ என்கிறது. புதுச்சேரி அந்த வௌவால் பிடிபட்ட ஊரா, கப்பல் ஏறிய ஊரா? அன்றைய லேபிள்களில் துறைமுகத்தின் பெயரே ஊர்ப்பெயராக விழுவது புதிதல்ல. லைடனில் இருக்கும் பழைய உடல்களில் எலும்பும் பல்லும் இருக்கின்றன, குரல் இல்லை.

பெரிய பழந்தின்னியின் பெயரும் மாறியது, ஆனால் வேறு வழியில். நெடுங்காலம் ‘ஜைகாண்டியஸ்’ என்று பாடநூல்களில் இருந்தது, அந்தப் பெயர் விதிப்படி செல்லாது என்று 2012-ல் காட்டப்பட்டதும் ‘மீடியஸ்’ ஆயிற்று. இதில் டி.என்.ஏ.வுக்கு வேலையே இல்லை. பழைய ஏடுகளைப் படித்தவரின் உழைப்பு. பார்கோடு நூலகம் எவ்வளவு பெரிதானாலும், அதன் ஒவ்வொரு வரிசைக்கும் மேலே எழுதும் பெயர் இப்படிப்பட்ட உழைப்பிலிருந்துதான் வருகிறது. புதிய கருவியில் பணத்தைக் கொட்டிவிட்டு, பழைய உடல்களைக் காக்கும் அருங்காட்சியகத்தையும் அவற்றைப் படிக்கத் தெரிந்தவரையும் கைவிடுவது மடத்தனம்.

எதிர்த்திசையிலும் பெயர்கள் பயணம் செய்திருக்கின்றன. இலங்கையின் குகைகளில் வாழும் வளைசிறகு வௌவால் நெடுங்காலம் ‘ஷ்ரைபர்சி’ என்ற பெயரில் இருந்தது. அது 1817-ல் கூல் வைத்த பெயர். அதன் சான்று உடல் கிடைத்த இடம் இன்றைய ருமேனியாவின் தென்மேற்கில், பனாத் பகுதியில் ஒரு குகை. ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை இருந்த வளைசிறகு வௌவால்களை எல்லாம் அந்த ஒரே பெயருக்குள் அடைத்திருந்தார்கள். டி.என்.ஏ. ஒப்பீடுகள் வர வர அந்தப் பெயர் சுருங்கியது. ஆசியக் கூட்டத்துக்கு ‘புலிஜினோசஸ்’ என்றார்கள். 2022-ல் இலங்கை ஆய்வாளர்கள் உடலமைப்பையும் டி.என்.ஏ.வையும் சேர்த்து வைத்து, தங்கள் தீவின் வௌவால் அதுவுமில்லை என்று காட்டி ‘பிலிப்சி’ என்று பெயர் சூட்டினார்கள். டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் தேயிலைத் தோட்டக்காரர். 1935-ல் இலங்கைப் பாலூட்டிகளுக்கு முதல் முழுக் கையேட்டை எழுதியவர். தீபகற்ப இந்தியாவின் பழைய ஜாடிகளில் இன்னும் ‘ஷ்ரைபர்சி’ என்று எழுதிய லேபிளோடு வளைசிறகு வௌவால்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, எலும்பை அளந்து, அவை வந்த குகைகளுக்குத் திரும்பிப்போய் வலை கட்ட வேண்டியிருக்கிறது.